பணம் கொடுப்பவர் கணக்கில்தான் பிள்ளையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் வரி ஆலோசனைப் பகுதியில், விவாகரத்தான அமெரிக்கவாழ் தந்தை ஒருவருக்கு, ‘பிள்ளைச் செலவுக்கு மாதந்தோறும் பணம் தருவதால் மகனை வரிக் கணக்கில் உங்களைச் சார்ந்தவராகக் காட்டிக்கொள்ளலாம்’ என்று ஒரே வரியில் தீர்ப்பு வழங்கியிருக்கிறீர்கள். ஆண்டில் அதிக இரவுகள் குழந்தை யாரிடம் தங்கியது என்பதைத்தான் அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். முதலில் பார்க்கும் என்பதும், இரவுகள் சரிசமமாக இருந்தால்தான் கூடுதல் வருமானம் உள்ளவருக்கு அந்த உரிமை போகும் என்பதும் தாங்கள் அறியாதவை அல்ல. உடன் வைத்து வளர்ப்பவர், அந்த உரிமையை விட்டுத்தருவதற்கான படிவம் 8332-இல் கையெழுத்திட்டுத் தந்தாலொழிய, மற்றவர் எவ்வளவு பணம் அனுப்பினாலும் அந்த உரிமை அவருக்கு வராது.

இதே போன்றதோர் ஆலோசனையை நம்பித்தான் என் முன்னாள் கணவர் ஓர் ஆண்டில் எனக்கு முன்பே வரிக் கணக்கைத் தாக்கல் செய்து மகளைத் தம் பெயரில் சேர்த்துக்கொண்டார். நான் இணையவழியில் அனுப்பியது, மகளின் சமூகப் பாதுகாப்பு எண் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டுவிட்டது என்று நிராகரிக்கப்பட்டது. தாளில் அச்சிட்டு அஞ்சலில் அனுப்பினேன். அவர் திருத்திய கணக்கைத் தர மறுத்ததால், பெற்று வளர்க்கும் மகள் என்னோடுதான் வசிக்கிறாள் என்பதற்கு என்னிடமே சான்று கேட்டார்கள். பள்ளியின் கடிதத்தோடு குழந்தை மருத்துவரின் பதிவு நகலையும் இணைத்தேன். மகளுக்கு மூச்சிரைப்பு வந்து நான் தூக்கிக்கொண்டு ஓடிய நாள்களெல்லாம், என் வீட்டு முகவரியின் கீழ், அதில் தேதிவாரியாக இருந்தன. மாதப் பணம் அனுப்பியவரின் பெயர் அந்தத் தாள்களில் எங்குமே இல்லை.

‘ஒன்றுவிட்டு ஓர் ஆண்டு தந்தைக்கு’ என்று நீதிமன்றம் எழுதியிருந்தால் போதாதா என்று தங்கள் ஆலோசகர் கேட்கக்கூடும். போதாது. 2008-க்குப் பிந்தைய விவாகரத்துத் தீர்ப்பின் நகலைப் படிவம் 8332-க்குப் பதிலாக இணைக்க முடியாது. தாய் கையெழுத்திட மறுத்தால் தந்தை போக வேண்டிய இடம் குடும்ப நீதிமன்றம். கையெழுத்திட்டாலும், 2025-ஆம் ஆண்டுக்கு 2,200 டாலர் வரையிலான பிள்ளை வரிச்சலுகைதான் கைமாறும். வரிக் கணக்கில் ‘குடும்பத் தலைவர்’ என்ற தகுதியும், குறைந்த வருமானத்தில் உழைப்பவர்களுக்கான உழைப்பு வருமானச் சலுகையும், பகல்நேரக் காப்பகச் செலவுக்கான சலுகையும் வளர்ப்பவரிடமே இருக்கும். ஒரு கையெழுத்தில் எல்லாமே போய்விடும் என்று அஞ்சுகிற பெண்களுக்கு இதைச் சொல்லத் தங்கள் பக்கத்தில் இடம் கிடைக்கவில்லை போலும்.

தங்கள் இதழுக்கு இது புதிதுமல்ல. 2018-க்குப் பிறகு செய்துகொண்ட மணமுறிவு ஒப்பந்தங்களில் ஜீவனாம்சத்துக்கு வரிக்கழிவு இல்லை என்றான பின்னரும், உண்டு என்றே எழுதினீர்கள். நான் அனுப்பிய மறுப்பு இன்றுவரை அச்சேறவில்லை. வரி, முதலீடு, காப்பீடு என்றால் கேள்வி கேட்பவர் எப்போதும் ஓர் ஆண். விவாகரத்தான பெண்ணுக்குத் தாங்கள் ஒதுக்கியிருப்பது மனநல ஆலோசனைப் பக்கம் மட்டுமே. எங்களுக்கும் சம்பளம் வருகிறது, நாங்களும் ஏப்ரல் 15-க்குள் கணக்குக் காட்டுகிறோம் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

அடுத்த இதழில் அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அதில் படிவத்தின் எண்ணையாவது பிழையில்லாமல் அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர் ஒருவர்