இதில் சலுகை எங்கே இருக்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

கஜகஸ்தானுக்கு அமெரிக்கா நிரந்தர வர்த்தகச் சலுகை கொடுக்கலாமா என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அந்தச் 'சலுகை'தான் உறுத்துகிறது. மற்ற நாட்டுச் சரக்குக்குப் போடும் வரியையே எங்களுக்கும் நிரந்தரமாகப் போடுங்கள் என்கிறது கஜகஸ்தான், அவ்வளவுதான். முன்பு இதற்கு 'மிகவும் விரும்பப்படும் நாடு' என்று பெயர். ஏதோ மாப்பிள்ளை உபசாரம் போலத் தொனிக்கிறது என்று 1998-ல் அமெரிக்காவே 'இயல்பான வர்த்தக உறவு' என மாற்றிக்கொண்டது. (நாம் பாகிஸ்தானுக்கு 1996-ல் கொடுத்து, புல்வாமாவுக்குப் பிறகு 2019-ல் பிடுங்கியதும் இதுவே. ஏதோ விருந்து வைத்ததுபோல இங்கே பேசினார்கள்!)

சரி, தடை எங்கே? அமெரிக்காவின் 1974 வர்த்தகச் சட்டத்தில் அந்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஜாக்சன், வேனிக் இருவரும் சேர்த்த திருத்தத்தில். நாட்டை விட்டுப் போக நினைத்த யூதர்களிடம், படித்த படிப்புக்குப் பணம் கட்டிவிட்டுப் போ என்று 1972-ல் சோவியத் அரசு கேட்டது. ஆட்களை வெளியே விடாத கம்யூனிஸ்ட் நாட்டுக்கு இயல்பான வரி கிடையாது என்று இவர்கள் முடிச்சுப் போட்டார்கள். அன்றைக்கு நல்ல சட்டம்தான், மறுக்கவில்லை.

ஆனால் சோவியத்தே 1991-ல் போய்விட்டதே. தனி நாடான கஜகஸ்தான், 1994-ல் சுமார் 600 கிலோ செறிவூட்டிய யுரேனியத்தை அமெரிக்கா விமானத்தில் ஏற்றிக்கொண்டு போக விட்டது, 1995-க்குள் தன் மண்ணில் இருந்த அணுகுண்டுகளையும் ரஷ்யாவுக்கு அனுப்பி முடித்தது. அப்புறமும் உக்ரைனுக்கு 2006-ல், ரஷ்யாவுக்கும் மால்டோவாவுக்கும் 2012-ல் கதவைத் திறந்தவர்கள் கஜகஸ்தானை வாசலிலேயே நிறுத்தினார்கள். 2015-ல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தபோதும் அதே கதை.

நடைமுறையில் கஜகஸ்தானுக்கும் சாதாரண வரிதானே என்கிறார் கட்டுரையாளர். உண்மைதான், ஆனால் குடிபெயர விடுகிறார்களா என்று திரும்பத் திரும்பச் சரிபார்த்து நீட்டிக்கிற ஏற்பாடு அது. முப்பது வருஷமாக நன்னடத்தைச் சான்றிதழா?

2022 ஜனவரியில் போராட்டக்காரர்களைச் சுட்ட அரசுக்கா என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. ஆனால் இந்தத் திருத்தம் குடிபெயர்வைப் பற்றித்தான் பேசுகிறது, துப்பாக்கிச் சூட்டைப் பற்றி அல்ல. அதற்கு ரஷ்யா விஷயத்தில் செய்ததுபோல, குற்றம் செய்த அதிகாரியின் விசாவையும் சொத்தையும் முடக்க மாக்னிட்ஸ்கி சட்டம் மாதிரி ஒன்று போதும். கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாதே என்ற பயமும் வேண்டாம், ரஷ்யாவுக்குக் கொடுத்த 'நிரந்தர'த்தை உக்ரைன் போர் தொடங்கி இரண்டு மாதம் ஆவதற்குள் பறித்துவிட்டார்கள்.

— ஒரு வாசகர், திருச்சி