செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய நம் குடியிருப்போர் நலச்சங்கம் செய்த வேலைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. கோரம் சேராததால் சில கூட்டங்களைத் தள்ளிவைக்க வேண்டியிருந்தது. சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் கொடியேற்றினோம். பொங்கல் விளையாட்டுப் போட்டிகள் வழக்கம்போல் நடந்தன. பின்தெருவில் எரியாமல் இருந்த விளக்குகளை ஊராட்சியில் மனு கொடுத்து மாற்ற வைத்தோம். மழைக்காலத்தில் கொசு மருந்து அடிக்கப்பட்டது. சங்கப் பதிவு தொடர்பான ஆவணங்கள் பதிவாளர் அலுவலகத்தில் உரிய காலத்தில் தாக்கல் செய்யப்பட்டன. இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்குச் சங்கத்தின் அஞ்சலி.

இனி, இந்த ஆண்டின் பெரிய வேலைக்கு வருகிறேன். பக்கத்துக் கல்லூரி மாணவர்களோடு சேர்ந்து நம் பகுதியின் நிலத்தடி நீரையும், கண்மாய்க்கு வரும் வரத்துக்கால்வாயையும் ஆய்வு செய்தோம். “காலேஜ் பசங்களை எதுக்குச் சங்கத்துக்குள்ள கொண்டுவர்றீங்க, அவங்களுக்குச் சோறு போடவா சந்தா கட்டுறோம்?” என்று வாட்ஸாப் குழுவில் சிலர் கேட்டார்கள். அன்றே பதில் எழுதினேன். பொதுக்குழுவிலும் அது பதிவாக வேண்டும் என்பதால் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

என்.எஸ்.எஸ். எனப்படும் நாட்டு நலப்பணித் திட்டம், காந்தி நூற்றாண்டான 1969-இல் செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. நம்மில் பலர் படிக்கும் காலத்தில் அதில் இருந்தவர்கள்தான். முகாமில் ரோடு போட்டதும் கருவேல மரம் வெட்டியதும் நினைவிருக்கும். அதில் சேரும் மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாம் தனி. 2014-இல் மத்திய அரசு, கல்லூரிகளைக் கிராமங்களோடு இணைக்கும் உன்னத் பாரத் அபியான் திட்டத்தைத் தொடங்கியது. தில்லி ஐ.ஐ.டி. அதை ஒருங்கிணைக்கிறது, அதில் சேரும் கல்லூரி குறைந்தது ஐந்து கிராமங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். 2020 கல்விக் கொள்கை வந்த பிறகு, சமூகத்தோடு இணைந்து கற்பதை இரண்டு கிரெடிட் பாடமாகவே வைக்கலாம், 30 மணி நேரத்தில் பாதியாவது களத்தில் கழிய வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் ‘பகுதி ஐந்து’ என்று விரிவாக்கப் பணிக்கு ஏற்கெனவே இடம் உண்டு. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

ஆக, மாணவர்களின் நேரம் ஒவ்வொரு கல்லூரியிலும் மணிக்கணக்கில் இருக்கிறது. அதை எந்த ஊரில் செலவிடுவது என்று கல்லூரிகளின் என்.எஸ்.எஸ். திட்ட அலுவலர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு என்ன வேண்டும் என்று நாம் கேட்காவிட்டால், அவர்களுக்கு எது சுலபமோ அதைச் செய்துவிட்டுப் போவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி இங்கே முகாம் போட்டது. பங்குனி வெயிலில் மரக்கன்று நட்டார்கள், பஸ் நிறுத்தச் சுவருக்கு வெள்ளையடித்தார்கள், பேனர் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று அவர்களும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. சித்திரை முடிவதற்குள் எல்லாம் கருகிவிட்டது. மாணவர்களிடம் உழைப்புக்குக் குறைவில்லை. அந்த உழைப்புக்கு இந்த ஊரில் ஒரு வேலை சொல்ல ஆள் இல்லை.

அதனால்தான் சென்ற ஜூன் மாதம், கல்லூரி திறந்த உடனேயே, சங்கத்தின் கடிதத் தாளில் மூன்று கோரிக்கைகளை எழுதிக் கொடுத்தோம். வீடுவீடாகப் போர் (ஆழ்துளைக் கிணறு) ஆழமும், செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது என்பதும் பதிவாக வேண்டும். போர்த் தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டும். வரத்துக்கால்வாயைத் தொடக்கம் முதல் கண்மாய் வரை நடந்து பார்த்து வரைபடமாக்க வேண்டும். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தோம்: முடிவுகள் தமிழில் எழுதப்பட்டு, அந்தந்த வீட்டுக்காரர் கையில் ஒரு பிரதி வர வேண்டும். ஊரைக் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு போகும் படிப்பு, அந்த ஊருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்பது என் உறுதியான கருத்து. திட்ட அலுவலர் கடிதத்தைப் படித்துவிட்டு, இவ்வளவு தெளிவாக எந்த ஊரும் கேட்டதில்லை என்று சொல்லி, வேதியியல், புவியியல் துறைகளையும் சேர்த்துக்கொண்டார்.

ஆகஸ்டில் கணக்கெடுப்பு தொடங்கியது. முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்தோம், குழுவில் இரண்டு முறை செய்தி போட்டோம். ஒவ்வொரு அணியோடும் சங்கத்திலிருந்து ஒருவர் கூட நடக்க வேண்டும் என்று முடிவெடுத்திருந்தோம். பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் வரவில்லை. பல வீடுகளில் கேட் பூட்டியிருந்தது. உள்ளே டிவி சத்தம் கேட்டது, மணியடித்தால் யாரும் எட்டிப்பார்க்கவில்லை. ஒரு வீட்டில் மாணவிகள் இருவரையும் வெயிலில் நிறுத்தி, கம்பிக்கு அந்தப் பக்கமிருந்தே “எந்த கட்சி?” என்று கேட்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. நம் அழைப்பை ஏற்று வந்த பிள்ளைகள் அவர்கள். எனக்கு இது மிகுந்த வருத்தம். அதைக் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

கீழத் தெருவில் தனியாக இருக்கும் நம் மூத்த உறுப்பினர் அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். போர் எத்தனை அடி என்று கேட்டதும், “இரும்மா, பாத்துச் சொல்றேன்” என்று உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, போர் போட்டபோது கொடுத்த ரசீதை எடுத்து வந்தார். அதன் பின்பக்கத்தில் போர்வண்டிக்காரர் பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருந்தார்: எத்தனை அடிக்குக் கேசிங் பைப் இறங்கியது, எந்த அடியில் பாறை, எந்த அடியில் முதல் ஈரம், எங்கே தண்ணீர். புவியியல் துறை மாணவி அதைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, இந்தத் தெருவின் நிலத்தடி அமைப்பு முழுக்க இதில் இருக்கிறதே என்றார். அப்படிப்பட்ட ரசீது உங்கள் வீடுகளிலும் இருக்கும். தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

செப்டம்பரில் தண்ணீர் மாதிரி எடுத்தார்கள். சந்தேகம் வந்த மாதிரிகளைக் கட்டணம் செலுத்திக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்திலும் கொடுத்துச் சரிபார்த்தோம். டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. நம் பகுதியில் 500-க்குள் வந்த போர் மிகக் குறைவு. அது உப்புப் படிந்த குழாயைப் பார்த்தாலே தெரியும். எதிர்பாராதது, கழிவுநீர் மண்ணில் இறங்குவதாலும் தண்ணீரில் சேரும் நைட்ரேட். அதற்கு வரம்பு 45 மில்லிகிராம். அதைத் தாண்டிய வீடுகளில் பெரும்பாலும் போருக்குப் பக்கத்திலேயே செப்டிக் டேங்கோ உறிஞ்சுகுழியோ இருந்தது. அந்த வீட்டில் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக் குழி. காம்பவுண்டுச் சுவர் மண்ணுக்கு மேலேதான் இருக்கிறது.

முடிவு கொடுக்க வந்தபோது கைக்குழந்தை இருக்கும் ஒரு வீட்டில், “நாங்க நல்லாக் கொதிக்க வச்சுத்தான் கொடுக்கிறோம்” என்றார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும் ஆபத்து உண்டு என்று வேதியியல் படிக்கும் பையன் பொறுமையாக விளக்கினான். அந்த வீட்டில் அன்றே குழந்தைக்கு வேறு தண்ணீருக்கு மாறினார்கள். சாப்பாட்டுச் செலவைக் கேட்டவர்களுக்கு இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

டிசம்பரில் ஏழு நாள் முகாம். கிராம வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, போனில் இடம் குறித்தபடி வரத்துக்கால்வாய் நெடுக நடந்தார்கள். ரோட்டைக் கடக்கும் சிறு பாலத்தின் கீழ் மூன்று குழாய்களில் இரண்டு முழுக்க அடைபட்டிருந்தன: இடித்த வீட்டுச் செங்கல், சிமெண்ட் மூட்டை, ஒரு இலவம் பஞ்சு மெத்தை. மழைக்குக் கண்மாய் பாதிகூட நிரம்பாததற்கும், அதே மழையில் நம் முதல் தெருவில் முழங்கால் அளவு நின்றதற்கும் காரணம் அங்கேதான் இருக்கிறது. கால்வாயின் அகலம் சில இடங்களில் வரைபடத்தில் உள்ளதைவிடக் குறைவாக இருக்கிறது. அதில் நம் உறுப்பினர்கள் நிலமும் உண்டா என்று கேட்கிறார்கள். நில அளவையர் வந்து அளக்கும்வரை யார் பெயரையும் நான் சொல்லப் போவதில்லை. அளந்தபின் மறைக்கவும் மாட்டேன்.

அந்த வரைபடத்தோடு ஜனவரி 26 கிராம சபைக்குப் போனோம். மாணவிகள் இருவர் எழுந்து தெளிவாகப் பேசினார்கள். சபையில் ஒருவர் கேட்டார், “உங்க சங்கத்து ஆளுங்க எங்க?” நம்மில் வந்திருந்தவர்களை வைத்து ஒரு பெஞ்சு நிறையவில்லை. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள்தான் நமக்காகக் கை தூக்கினார்கள். தீர்மானம் பதிவாகியிருக்கிறது, பாலத்தடி இன்னும் சுத்தமாகவில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன் அது நடக்க வேண்டுமானால், ஆகஸ்ட் 15 கிராம சபையில் நாம் கூட்டமாக இருக்க வேண்டும். மாணவர்கள் அளக்கலாம், எழுதலாம், எடுத்துச் சொல்லலாம். அவர்களுக்கு இந்த ஊரில் ஓட்டு கிடையாது.

சந்தா பற்றி. நிலுவை சென்ற ஆண்டைவிடக் கூடியிருக்கிறது. வீட்டை வாடகைக்கு விட்டு வெளியூரில் இருப்பவர்கள் குடியிருப்பவரைக் கேட்கச் சொல்கிறார்கள். குடியிருப்பவர் உரிமையாளரைக் கேட்கச் சொல்கிறார். துணைவிதியின்படி சந்தா உரிமையாளரின் பொறுப்பு. நிலுவைப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் ஒட்டவில்லை. தண்ணீர்ப் பரிசோதனை முடிவை முதல் ஆளாக வந்து கேட்டு வாங்கியவர்களில் மூன்று ஆண்டாகச் சந்தா கட்டாதவர்களும் உண்டு. அவர்களுக்கும் கொடுத்தோம், குடிக்கும் தண்ணீர் என்பதால்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். சுருக்கமாக, வரவு சென்ற ஆண்டை ஒட்டியே இருந்தது. ஆய்வகக் கட்டணம், மாணவர் சாப்பாடு, நகல் எடுத்த செலவு ஆகியவற்றால் செலவு சற்றுக் கூடியது. கையிருப்பு திருப்திகரமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. ரசீதுகள் எல்லாம் கோப்பில் உள்ளன.

முகாம் நாட்களில் மண்டபத்தை இலவசமாகத் தந்தவர், மாணவிகளுக்குத் தங்கள் வீட்டுக் குளியலறையைத் திறந்துவிட்ட மூன்று குடும்பங்கள், தணிக்கையாளர், ஊராட்சி அலுவலர்கள், துப்புரவுப் பணியாளர்கள், நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி. கல்லூரி நம்மோடு மூன்று ஆண்டுப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போடத் தயாராக இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் புது மாணவர்கள் வருவார்கள், அதே கால்வாயை அதே கண்மாயை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோவார்கள். வணிகவியல் துறை நம் கணக்குகளைக் கணினியில் ஏற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறது. இதெல்லாம் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் படிப்பது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. மதுரை லேடி டோக் கல்லூரி சேவைவழிக் கற்றலுக்கென்று தனி மையமே வைத்திருக்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் சங்கத்தின் சார்பில் ஐந்து பொறுப்பாளர்கள் பெயர் வேண்டும், தெருவுக்கு ஒருவராக. மாணவர்கள் வரும் நாளில் கூட நடக்க வேண்டும், நிழலும் குடிதண்ணீரும் ஏற்பாடு செய்ய வேண்டும், கதவைத் தட்டும்போது அறிமுகம் செய்து வைக்க வேண்டும். இந்த ஆண்டு அதைப் பெரும்பாலும் நானும் துணைத் தலைவரும்தான் பார்த்தோம். இன்னோர் ஆண்டு அப்படி முடியாது. ஐந்து பெயர் வந்தால் நான் இந்தப் பொறுப்பில் தொடரத் தயார். வராவிட்டால், கல்லூரிக்கு மறுத்துக் கடிதம் எழுதும் வேலையைப் புதிய செயலாளர்தான் செய்ய வேண்டியிருக்கும்.

ஜூனில் கல்லூரி திறந்துவிடும். அதற்குள் சொல்லாவிட்டால் அந்தப் பருவத்து மாணவர்களின் பணி நேரம் வேறு ஊருக்குப் போய்விடும். பெயர் எழுதும் தாள் தலைவர் மேசையில் இருக்கிறது. பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலருகே உட்கார்ந்திருக்கிறார். கூட்டம் முடிந்தபின் அரை மணி நேரம் இருப்பார்.

இந்த அறிக்கையை ஏற்றுத் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்