மூன்று எரிபொருளுக்கும் ஒரே பாடம் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாற்று எரிபொருள் கப்பல்களைப் பற்றிய செய்திகளில் இன்ஜினும் எரிபொருள் விலையும் அடிக்கடி பேசப்படுகின்றன. அந்த இன்ஜின் ரூமில் நிற்கப்போகிறவர்களுக்கு என்ன கற்றுத் தருகிறோம் என்பது பேசப்படுவதே இல்லை. 2050 வாக்கில் நிகர பூஜ்ய உமிழ்வு என்ற இலக்கைச் சர்வதேச கடல்சார் அமைப்பு 2023-இல் ஏற்றது. அதற்கான விதிகளை ஏற்கும் முடிவு 2025 அக்டோபரில் ஓராண்டு தள்ளிப்போனது. அதைக் காட்டிப் பயிற்சியையும் தள்ளிப்போடலாம் என்று நினைப்பது ஆபத்து. ஸ்டெனா ஜெர்மானிகா என்ற பயணிகள் கப்பல் 2015 முதலே மெத்தனாலில் ஓடுகிறது. கப்பல் வந்துவிட்டது, பாடம்தான் வரவில்லை.

குறைந்த தீப்பற்று நிலை கொண்ட எரிபொருள்களுக்கான ஐ.ஜி.எஃப். விதித்தொகுப்பு 2017-இல் நடைமுறைக்கு வந்தபோது, அதன் விரிவான விதிகள் இயற்கை எரிவாயுவுக்கே எழுதப்பட்டிருந்தன. பயிற்சி வகுப்புகளும் எல்.என்.ஜி. எனப்படும் திரவமாக்கிய இயற்கை எரிவாயுவைச் சுற்றியே வளர்ந்தன. அந்தச் சான்றிதழோடு ஒருவர் மெத்தனால் கப்பலிலோ அம்மோனியா கப்பலிலோ ஏறினால், பழகிய கையே அவரைத் தவறான இடத்துக்கு இழுத்துச் செல்லும்.

தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். மைனஸ் 162 டிகிரியில் இருக்கும் எல்.என்.ஜி. தேங்கிய இடத்தில் தண்ணீர் அடித்தால் அது இன்னும் வேகமாக ஆவியாகி, வாயு மேகம் பெருகும். மெத்தனால் தண்ணீரில் கலந்துவிடும். ஆனால் நான்கில் ஒரு பங்கு மெத்தனால் உள்ள கலவைகூடத் தீப்பிடிக்கும். அரைகுறையாக நீர்த்த மெத்தனால் பில்ஜில், அதாவது கப்பலின் அடித்தளக் குழியில், பரவினால் தீயும் கூடவே பரவும். அதற்கு ஆல்கஹாலைத் தாங்கும் நுரை வேண்டும். பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்கே தெரியாது என்பதால் வெப்பம் காட்டும் கேமராவும் வேண்டும். அம்மோனியாவில், காற்றில் பரவும் ஆவி மீது தண்ணீரைத் தூவினால் ஆவி கரைந்து அடங்கும். தேங்கிய திரவத்தின் மேலேயே பீய்ச்சினால், கரையும்போது எழும் சூட்டில் அது கொதித்துக் கிளம்பும். குழாய் ஒன்றுதான், பிடிக்கும் விதம் மூன்று. இதைப் படத்தில் காட்டினால் போதாது, குழாயைக் கையில் கொடுத்துப் பழக்க வேண்டும்.

அளவு மீட்டரில் நடக்கும் தவறு இதைவிட மோசமானது, வெளியே தெரியாதது. தீப்பற்றும் வாயுவுக்கான மீட்டர், கீழ் எரிவரம்பில் (காற்றில் தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவில்) எத்தனை சதவீதம் என்று காட்டும். அம்மோனியாவின் கீழ் எரிவரம்பு 15 சதவீதம், அதாவது 1,50,000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). உயிருக்கு உடனடி ஆபத்தாகக் கருதப்படும் அளவோ 300 பி.பி.எம். அந்த அளவில் மீட்டர் காட்டுவது ஏறத்தாழ பூஜ்யம். அதை நம்பி முகக்கவசத்தைக் கழற்றுபவரை யார் காப்பாற்றுவது? அம்மோனியாவுக்கென்று தனியாக நச்சு சென்சார் தேவை. இன்னொன்று: வாயுவை எரித்து அளக்கும் வினையூக்கி வகை சென்சார் வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும். நைட்ரஜன் அடைத்த பைப்பில் எரிவாயு மிச்சமிருந்தாலும் அது குறைத்தே காட்டும். அங்கே அகச்சிவப்பு வகை மீட்டர்தான் சரி.

ஒரு ஃபில்டரைத் திறப்பதையே முழுப் பயிற்சியாக வைக்கலாம். இன்ஜினை டீசலுக்கு மாற்றுவது, முதன்மை எரிபொருள் வால்வை மூடுவது, இரண்டு தடுப்பு வால்வுகளும் மூடி நடுவிலுள்ள வெளியேற்று வால்வு திறந்ததை நேரில் பார்த்து உறுதி செய்வது, நைட்ரஜன் செலுத்தி வெளியேற்றுவது, அளப்பது, பூட்டிச் சீட்டு மாட்டுவது. நைட்ரஜனுக்கு மணமில்லை, அது கசிந்து சேர்ந்த மூடிய இடத்தில் நுழைபவர் எச்சரிக்கையே இல்லாமல் விழுவார். ஆகவே எரிபொருள் அளவோடு ஆக்சிஜன் 20.9 சதவீதம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். திரும்பப் பொருத்தும்போது கையில் கிடைத்த பித்தளை இணைப்பை அம்மோனியா லைனில் மாட்டக் கூடாது. செம்பையும் துத்தநாகத்தையும் அம்மோனியா அரித்துவிடும்.

மேல்நிலைச் சான்றிதழுக்கு, ஐ.ஜி.எஃப். விதித்தொகுப்புக்கு உட்பட்ட கப்பல்களில் குறைந்தது ஒரு மாதக் கடல் பணியும், அதில் மூன்று முறை எரிபொருள் நிரப்பிய அனுபவமும் வேண்டும். மூன்றில் இரண்டை அங்கீகரிக்கப்பட்ட சிமுலேட்டரில் செய்யலாம் என்கிறது விதி. இத்தகைய கப்பலில் இடம் கிடைப்பது அரிது என்பதால் இந்தச் சலுகை நியாயமானதே. ஆனால் அந்த இரண்டு முறையும் எல்லாம் சரியாகவே நடக்கும் பயிற்சியாக இருந்தால் பயனில்லை. இரு கப்பல்களுக்கும் இடையிலான அவசர நிறுத்த இணைப்பு பாதியில் அறுந்துபோவது, குழாயைக் குளிர்வித்து முடிக்கும் முன்னரே வேகத்தைக் கூட்டச் சொல்லி எரிபொருள் நிரப்பும் கப்பல் அவசரப்படுத்துவது, இரண்டு டிடெக்டர்கள் இரண்டு விதமாகக் காட்டுவது, இரண்டு வால்வுகளுக்கு நடுவே திரவம் சிக்கிச் சூடேறி அழுத்தம் ஏறுவது ஆகியவற்றை முன்னறிவிப்பின்றிக் கொடுக்க வேண்டும். மாணவர் எந்த எரிபொருளில் பழகினார் என்பதைச் சான்றிதழிலேயே குறிக்க வேண்டும். மெத்தனாலில் பழகியவரை அம்மோனியா கப்பலுக்கு அனுப்பும் முன், நச்சு வாயுவுக்கான சுவாசக் கருவியைப் போட்டுத் தப்பிக்கும் பயிற்சியைத் தனியாகத் தர வேண்டும். கடல்சார் கல்லூரிகளும் அவற்றுக்கு அங்கீகாரம் தரும் அதிகாரிகளும் இந்த இரண்டையும் அடுத்த பாடத்திட்டத்திலேயே சேர்க்கும்படி தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கப்பல் பொறியியல் பயிற்றுநர் ஒருவர்