விசில் அடித்தால் கண் மூடுகிறது

பெரம்பூர்,
சென்னை - 11.
ஆவணி, ஞாயிறு மாலை

அன்புள்ள தங்கராசு,

நலம். நீயும் சரோஜாவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள். மார்கழிக்குப் பிறகு நான் எழுதவும் இல்லை, உன் போனை எடுக்கவும் இல்லை என்று உனக்குக் கோபம். இருக்கட்டும், நேரில் திட்டிக்கொள். ஆனால் ஓட்டை பாஸ்கர் திண்டுக்கல் வந்து, "கோபாலுக்குப் பக்கவாதம், வாய் கோணிப்போச்சு, இனி அவன் வேலைக்குப் போனமாதிரிதான்" என்று அழாத குறையாகச் சொன்னானாமே. இதற்கு மேலும் சும்மா இருந்தால் நீ கையில் மாலையோடு பஸ் ஏறிவிடுவாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

வாய் கோணியது நிஜம். பக்கவாதம் என்பது பாஸ்கரின் சரக்கு. வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். அதே கண்டக்டர் வேலை, அதே 29சி பஸ், பெரம்பூர் டு பெசன்ட் நகர்.

மார்கழிக் கடைசியில் ஒரு நாள் விடியற்காலை ட்ரிப்புக்கு எழுந்து வாய் கொப்பளித்தேன். தண்ணீர் வலது ஓரமாக ஒழுகி பனியனில் விழுந்தது. இரண்டு நாளாக வலது காதுக்குப் பின்னால் வலி இருந்தது, பல்வலியின் தம்பி என்று விட்டிருந்தேன். கண்ணாடியில் பார்த்தால் வலது பாதி அசையவே இல்லை. சிரித்துப் பார்த்தேன், வாய் முழுக்க இடது பக்கம் ஓடிப் போகிறது. கலா வந்து பார்த்தாள். ஒரு வார்த்தை பேசாமல் காப்பீட்டு அட்டை, சீட்டுப் பணம், ஒரு மாற்றுச் சட்டை எல்லாவற்றையும் பையில் திணித்துக்கொண்டு ஆட்டோ பிடித்துவிட்டாள். ஆட்டோக்காரர் ஜி.எச். வாசல்வரை "ஸ்ட்ரோக் சார், ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம் சார்" என்றபடியே ஓட்டினார். அவர் அவசரப்பட்டதும் சரிதான். வாய் கோணினால் எதனால் என்று வீட்டில் உட்கார்ந்து ஆராயக் கூடாது, ஓடிவிட வேண்டும்.

அங்கே ஒரு சின்ன டாக்டரம்மா, எங்கள் சின்னவள் வயதுதான் இருக்கும். கையைத் தூக்கச் சொன்னார், காலை நீட்டச் சொன்னார், பேச்சுக் கொடுத்தார், காதுக்குள் கொப்புளம் இருக்கிறதா என்று லைட் அடித்துப் பார்த்தார். அப்புறம், "ஐயா, புருவத்தை மேலே தூக்குங்க" என்றார். இடது நெற்றியில் வரி விழுந்தது. வலது நெற்றி இஸ்திரி போட்டது போல் கிடந்தது. "நெத்தியும் சேர்ந்து விழுந்திருக்கு, அது நல்லதுதான்" என்றார் அவர். நல்லதா என்று கலா அவரை முறைத்ததை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஏன் நல்லது என்று மின்வாரியத்துக்காரனான உனக்கு உன் பாஷையிலேயே சொல்கிறேன். முகத்தை அசைக்கிற லைன் ஏழாவது நரம்பு. நெற்றிக்கு மட்டும் மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் சப்ளை உண்டு. மூளையில் ஒரு பக்கம் ஃபால்ட் ஆனால், அதாவது பக்கவாதம் வந்தால், பெரும்பாலும் வாய் கோணும், நெற்றி மட்டும் மறுபக்கத்து சப்ளையில் வேலை செய்யும். நெற்றியும் சேர்ந்து போயிருந்தால் கோளாறு பெரும்பாலும் மூளைக்கு வெளியே, கேபிளில். அந்தக் கேபிள் காதை ஒட்டிய எலும்புக்குள் ஒரு சந்து வழியாக வருகிறது. சந்தின் மிக ஒடுக்கமான இடம் ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது. நரம்பு வீங்கினால் விரிய இடம் ஏது? எலும்பு நெரிக்கிறது, லைன் கட்.

இதை 1821-இல் விவரித்து எழுதியவர் சார்லஸ் பெல் என்ற ஸ்காட்லாந்து டாக்டராம். அதனால் பெல்ஸ் பால்சி. டெப்போவில் இதைச் சொன்னதும், "காலமெல்லாம் பெல் அடிச்சா வராம என்ன செய்யும்" என்று ஆரம்பித்தவர்கள் இன்னும் நிறுத்தவில்லை.

டெப்போவில் ஆளாளுக்கு வைத்தியர். படிக்கட்டோரம் நின்று பனிக்காற்று வாங்கியதால் வந்தது என்றார் ஒருவர். புறா ரத்தம் தடவினால் மூன்றே நாள் என்றார் இன்னொருவர். பலூன் ஊது, சூயிங்கம் மெல்லு, காதில் எண்ணெய் விடு, எல்லாம் வந்தது. டாக்டரம்மா சொன்னது வேறு: ஏதோ வைரஸ், உதட்டில் கொப்புளம் போடுகிற வைரஸாகவே இருக்கலாம் என்று சந்தேகம், அடித்துச் சொல்ல ஆதாரம் போதாது. சர்க்கரை உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொஞ்சம் அதிகமாக வரும். எனக்குச் சர்க்கரை இருப்பது உனக்குத் தெரியும். கர்ப்பம் இல்லை.

கொடுத்தது ஸ்டீராய்டு மாத்திரை. 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். நர்சிங் படிக்கிற எங்கள் சின்னவள் 2007-இல் ஸ்காட்லாந்தில் நடந்த ஒரு ஆராய்ச்சியைச் சொன்னாள். மாத்திரையைச் சீக்கிரம் ஆரம்பித்தவர்களில் நூற்றுக்கு 94 பேர் ஒன்பது மாதத்தில் முழுக்கச் சரியானார்களாம், மாத்திரை சாப்பிடாதவர்களில் 82 பேர். "மீதி ஆறு பேர்ல நான் இருந்தா?" என்று கேட்டேன். "வாயை மூடிட்டு மாத்திரையைப் போடுப்பா" என்றாள். வாயை மூட முடிந்தால் நான் ஏன் அங்கே போகப் போகிறேன்? மாத்திரையால் சர்க்கரை எகிறியது, அதற்குத் தனியாக ஊசி. விடு.

வாயைவிடப் பெரிய பாடு கண். மூடவே மூடாது. மூடு என்று நான் உத்தரவு போட்டால் கருவிழி மேலே ஏறிக்கொள்ளும், திறந்த இமைக்குள் வெள்ளை மட்டும் தெரியும். அதற்கும் அந்த பெல் பெயர்தான். பெரியவளின் பையன் அதைப் பார்த்து அலறிவிட்டான், அப்புறம் அதே பையன் "தாத்தா, பேய்க் கண்ணு காட்டு" என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டி வந்தான். கண் மூடாவிட்டால் காய்ந்து கருவிழியில் புண் விழுந்துவிடும். பகலில் சொட்டு மருந்து, ராத்திரி களிம்பு போட்டு, இமையைக் கையால் இறக்கி, மேலே பிளாஸ்திரி. கலா தினமும் தூங்கும் முன் ஒட்டிவிடுவாள், ரெக்கார்டு நோட்டில் படம் ஒட்டுகிற பிள்ளையின் அக்கறையோடு. நடுராத்திரி எழுந்து ஒரு விரலால் தடவிப் பார்ப்பாள், பிரிந்திருக்கிறதா என்று. நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டு.

வலது காதில் சத்தம் இரட்டிப்பாகக் கேட்டது. சத்தத்தை மட்டுப்படுத்துகிற குட்டித் தசைக்கும் இதே நரம்புதானாம். வலது பக்க நாக்கின் முன்பகுதிக்கு ருசியும் போய்விட்டது. மீன்குழம்பு பாதி ருசி என்றால் என்னவென்று உனக்கு விளக்க முடியாது.

மாசியில் டூட்டிக்குத் திரும்பினேன். கண்ணுக்குக் கூலிங் கிளாஸ், புரசைவாக்கத்திலும் லஸ்ஸிலும் மெட்ரோ தோண்டுகிற தூசிக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் விசில்? உதடு கூடினால்தானே காற்று நிற்கும். ஊதினால் வலது ஓரமாக 'புஸ்' என்று போய்விடும். பக்கத் தகரத்தைத் தட்டித்தான் வண்டியை எடுக்க வைத்தேன். டிரைவர் குமரேசன், அடித்தொண்டைக் குமரேசன்தான், ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. எனக்குத்தான் கேவலமாக இருந்தது. விசில் இல்லாத கண்டக்டர் வெறும் டிக்கெட் கிழிக்கிறவன்.

பெரும்பாலோருக்கு மூன்று வாரத்தில் அசைவு தெரிய ஆரம்பிக்கும். எனக்குச் சித்திரைவரை ஒன்றுமில்லை. நடுவில் தெருமுனை கிளினிக்கில் "கரண்ட் வெச்சா சரியாயிடும்" என்று பேக்கேஜ் விலை சொன்னார்கள். கரண்ட் என்றதும் உன் ஞாபகம் வந்து பயந்து திரும்பிவிட்டேன். ஆஸ்பத்திரி பிசியோதெரபிஸ்ட், கரண்ட்டால் பலன் என்று சொல்ல நல்ல ஆதாரம் இல்லை என்றார். பலூனும் வேண்டாம். கண்ணாடி முன் உட்கார்ந்து, அவசரமில்லாமல், சின்னச் சின்ன அசைவு. பலம் போட்டு இழுத்தால் தப்பான தசையெல்லாம் சேர்ந்துகொள்ளும். ஆள் மெதுவாகப் பேசுவார், ஆனால் நாம் முக்குகிறோமா என்பதைக் கண்டுபிடித்துவிடுவார். சித்திரையில் ஒரு நாள் கன்னத்தில் ஒரு துடிப்பு. நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளருமாம். நம் மெட்ரோவைவிட வேகம் என்றேன், அவர் சிரித்துவிட்டார்.

வைகாசியில் கண் மூடியது. ஆனியில் விசில் வந்தது. முதல் விசிலுக்குக் குமரேசன் திரும்பிப் பார்த்து ஹாரனையே பதிலாக அடித்தான்.

இங்கே முடிந்திருந்தால் நான் உனக்குப் போனே செய்திருப்பேன். விசில் வந்த பிறகுதான் கவனித்தேன், விசில் அடித்தால் வலது கண் மூடிக்கொள்கிறது. உதடு குவிந்தால் கண் மூடும். லேசாகச் சிரித்தாலும் மூடும். அறுந்த நரம்பிழை மறுபடி வளரும்போது பழைய இடத்துக்கே போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. வாய்க்குப் போக வேண்டிய இழை கண்ணுக்கும் போய் மாட்டிக்கொள்ளும். ஃபேன் சுவிட்சைப் போட்டால் லைட்டும் எரிகிற வீடு, நீ போய்ப் பார்த்துத் திட்டிய வீடுகள் எத்தனை! அதில் ஒன்றாகிவிட்டது என் மூஞ்சி. திரும்ப வரத் தாமதமானவர்களுக்குத்தான் இது அதிகம்.

இப்போது யோசித்துப் பார். கண்டக்டர். காலை நேரக் கூட்டம். ஒவ்வொரு விசிலுக்கும் ஒரு கண் அடிப்பு. பூக்காரம்மா ஒருத்தி தினமும் கூடையோடு ஏறுவாள், "வயசான காலத்துல யாருக்குய்யா கண்ணடிக்கிற" என்று பஸ்ஸே சிரிக்கக் கேட்டாள். அது பரவாயில்லை. லஸ்ஸில் ஏறிய ஒரு பெண்ணிடம் மகளிர் டிக்கெட்டை நீட்டி, பழக்கதோஷத்தில் சிரித்தேன். அந்தப் பெண்ணின் முகம் மாறியது. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்தாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை, தங்கராசு. அவள் இடத்தில் சின்னவள் இருந்தால் நானே போட்டோ எடுக்கச் சொல்வேன். ஆனால் அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

அன்றிலிருந்து பஸ்ஸில் சிரிப்பதை விட்டுவிட்டேன். அங்கேதான் சிக்கல். இத்தனை வருஷம் நான் செய்த வேலையில் பாதியைச் செய்தது என் மூஞ்சி என்று இப்போதுதான் தெரிகிறது. சில்லறை இல்லாமல் ஐந்நூறு ரூபாயை நீட்டுபவனிடம் ஒரு சிரிப்பு சிரித்தால் அவனே பாக்கெட்டில் தேடுவான். இப்போது அதே வார்த்தையைச் சொன்னால் சண்டைக்கு வருகிறான். படியில் தொங்குகிற பையன்கள் "சிடுமூஞ்சி வண்டி" என்கிறார்கள். வீட்டிலும் அதே கதை. சும்மா உட்கார்ந்திருந்தால் கலா வந்து "ஏன் கோபம்?" என்கிறாள். "இல்லடி, சந்தோஷமாத்தான் இருக்கேன்" என்று சொல்லி நிரூபிக்க வேண்டியிருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் சொல்லாததையெல்லாம் இப்போது வாயைத் திறந்து சொல்கிறேன். அவளுக்கு அதில் ஒரு குஷிதான் என்று நினைக்கிறேன்.

வைத்தியம் உண்டு. கண்ணைச் சுற்றிய தசையில் சின்ன அளவில் போடாக்ஸ் ஊசி. ஆமாம், சினிமாக்காரர்கள் போட்டுக்கொள்வதேதான். சிரிக்காதே. மூன்று நான்கு மாதம் தாங்கும், திரும்பவும் போட வேண்டும். கூடவே கண்ணாடிப் பயிற்சி, உதட்டை அசைக்கும்போது கண்ணைத் தளர்த்தப் பழகுவது. அது கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது, ரொம்ப மெதுவாகப் புன்னகைத்தால் கண் பாதிதான் மூடுகிறது. ஊசிக்கு நான் தயார். கலாதான் "மூஞ்சியில விஷ ஊசியா" என்கிறாள், அது விஷம்தான் என்று சின்னவள் வேறு எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

இன்னொன்றைத்தான் உன்னிடம் கேட்க வேண்டும். டைம் ஆபீஸில் உட்காருகிற டூட்டி தருவதாகச் சொல்கிறார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து ஓட்டிவிடலாம் என்று கலா, சின்னவள், குமரேசன்கூட ஒரே குரல். நீ கம்பத்திலிருந்து விழுந்த பிறகு ஸ்டோரில் உட்கார வைத்தார்களே, அந்த இரண்டு வருஷம் நீ எனக்கு எழுதிய கடிதங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. போன வாரம் எடுத்துப் படித்தேன். ஒன்றில் வெறும் ஸ்பேனர் கணக்கு மட்டும் இருந்தது, ஒரு பக்கம் முழுக்க. அதைப் படித்ததும் மனசு சொல்லிவிட்டது, ஊசியைப் போட்டுக்கொண்டு வண்டியிலேயே இருப்பது என்று. ஆனாலும் நீ மறுபடி கம்பம் ஏறியபோது சரோஜாவை எப்படிச் சமாதானம் செய்தாய், அதை மட்டும் ஒளிக்காமல் எழுது. எனக்கு இப்போது அந்த டெக்னிக்தான் வேண்டும்.

உன் பையன் கேட்ட ஆம்ப்ளிஃபையர் போர்டை ரிச்சி ஸ்ட்ரீட்டில் விசாரித்தேன். அவன் சொன்ன மாடல் இப்போது வருவதில்லையாம், அதற்குப் பதில் வேறொன்று காட்டினார்கள், விலையும் குறைவு. சரி என்றால் புதன்கிழமைக்குள் சொல்லச் சொல், என் வாராந்திர ஓய்வு அன்றைக்குத்தான், வாங்கி பார்சல் சர்வீஸில் போட்டுவிடுகிறேன். பணம் அனுப்பாதே. சீட்டாட்டத்தில் நான் பாக்கி என்று நீ இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிற கணக்கில் கழித்துக்கொள்.

அன்புடன்,
கோபால்