கெல்லிஸ் கோட்டையும் அதைக் கட்டிய கைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பத்து காஜா அருகே உள்ள கெல்லிஸ் கோட்டையைப் பற்றித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வெளிவந்த கட்டுரை, ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் தம் குடும்பத்துக்காக 1915இல் எழுப்பத் தொடங்கிய அம்மாளிகை, 1926இல் அவர் லிஸ்பனில் காலமானதும் அரைகுறையாக நின்றுபோனதை அழகாக விவரித்தது. ஆனால் அதைக் கட்டியவர்களுக்கு ஒரே வரிதான் ஒதுக்கப்பட்டிருந்தது. பேய்க்கதைக்கோ இரண்டு பத்திகள்!

கட்டட வேலைக்கென்று சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறி வந்த தமிழர்கள் விஷக்காய்ச்சலில் அடுத்தடுத்து மடிந்தபோது, எஞ்சியவர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க ஸ்மித் மாரியம்மன் கோயில் எழுப்ப உதவினார் என்பது பத்து காஜா வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் செய்தி. சிறுவயதில் என் பாட்டி அக்கோயிலுக்கு அழைத்துச் சென்று, தெய்வச் சிலைகளுக்கு நடுவே மேல்நாட்டு உடையும் தொப்பியுமாக நிற்கும் உருவத்தைக் காட்டி, "அதுதான் நம்ம துரை" என்றது இன்னும் என் கண்முன் நிற்கிறது. துரைக்குச் சிலை வைத்தவர்களின் பெயர்களை நாம் எங்குமே எழுதி வைக்கவில்லையே என்பதுதான் என் வேதனை. ஆகவே, கோட்டையையும் கோயிலையும் ஒரே வரலாறாக விளக்கும் தகவல் பலகை ஒன்றைத் தமிழிலும் மலாயிலும் கோட்டை வாசலில் நிறுவ மாநில அரசு முன்வர வேண்டும். அதற்கு முன்பே, தோட்டக் குடும்பங்களில் எஞ்சியிருக்கும் முதியவர்களின் நினைவுகளைத் தங்கள் நாளிதழ் திரட்டி வெளியிடலாம்.

தோட்டத்து வாசகி,
பத்து காஜா, பேராக்