"கேஸ் மட்டும் போட்டால் போதும்" என்கிறாரா?

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நலம், நலமறிய ஆவல். நீ பார்த்து வைத்திருக்கும் காரின் படங்கள் வந்தன. எஞ்சின், டயர், பாடி எல்லாம் போனில் பேசிக்கொள்ளலாம். "ஏசி கொஞ்சம் கம்மியா வருது, கேஸ் மட்டும் போட்டா போதும்" என்று விற்பவர் சொன்னதாக எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

கார் ஏசியில் இருக்கும் கேஸ், பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் இல்லை கண்ணு. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் சீல் வழியாகவும் வருடத்துக்குக் கொஞ்சம் கசியும், அவ்வளவுதான். குளிர் குறைந்தது கையில் தெரிகிற அளவுக்குக் கேஸ் போயிருந்தால் பெரும்பாலும் எங்கோ ஓட்டை இருக்கிறது. இன்னொன்றையும் யோசி. ஏசி வேலைகளிலேயே மலிவானது கேஸ் போடுவது. நல்ல விலைக்கு விற்க நினைப்பவர் அதைப் போட்டுவிட்டுத்தானே காரைக் காட்டுவார்? போடவில்லை என்றால், ஒன்று போட்டும் நிற்கவில்லை, அல்லது கேஸுக்கு மேல் பெரிய வேலை இருப்பது அவருக்குத் தெரியும். அதனால் சரியாக இருக்கிறது என்று நிரூபணம் ஆகும்வரை, ஏசியில் பெரிய செலவு இருக்கிறது என்றே கணக்குப் போடு.

செலவு எவ்வளவு என்பது ஓட்டை எங்கே என்பதைப் பொறுத்தது. கேஸோடு, அதை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரெஸரின் ஆயிலும் சேர்ந்து வெளியேறுவதால், கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதன்மேல் தூசியும் படிந்திருக்கும். பானெட்டைத் திறந்து, அலுமினியக் குழாய்கள் சேரும் மூட்டுகளை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பார். மூட்டில் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் போயிருந்தாலோ, கேஸ் ஏற்றும் முனைக்குள் இருக்கும் ஊசி வால்வு கசிந்தாலோ, உதிரிப்பாகத்தின் விலை பெயருக்குத்தான். கூலியும் கேஸும்தான் செலவு. ஹோஸ் என்றால் சற்றுக் கூடும். ரேடியேட்டருக்கு முன்னால் நின்று கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டென்சரில் கல் பட்டு ஓட்டை என்றால் நடுத்தரச் செலவு. கண்டென்சர் மட்டும் புத்தம் புதிதாகப் பளபளத்தால், முன்பக்கம் இடித்த கார்தானா என்று கேட்கவும் மறக்காதே.

உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலில் கசிந்தால்தான் சங்கடம். அது டேஷ்போர்டுக்குப் பின்னால், ஹீட்டர் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். பல கார்களில் டேஷ்போர்டை முழுதாக இறக்காமல் அதைத் தொட முடியாது. காயில் விலை அதிகமில்லை, ஆனால் ஒரு நாள் முழுதும் பிடிக்கிற வேலை. வெயிலில் பல வருடம் காய்ந்த பிளாஸ்டிக் கிளிப்புகள் கழற்றும்போது உடையும். மறுபடி மாட்டிய பிறகு டேஷ்போர்டு கடகடவென்று சத்தம் போடும். காயில் மாற்றுகிறவர்கள், அதற்குள் போகும் கேஸைக் கட்டுப்படுத்தும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் கூடவே மாற்றிவிட வேண்டும். அதற்காக இன்னொரு முறை எல்லாவற்றையும் கழற்ற யாரும் விரும்ப மாட்டார்கள்.

அடுத்தது கம்ப்ரெஸர். பழைய காரின் ஏசியில் பணத்தை விழுங்குவது இதுதான், அதுவும் தனியாக வராது. உள்ளே தேய்ந்து இறுகிப்போன கம்ப்ரெஸர், உலோகத் துகளை ஆயிலோடு கலந்து குழாய் முழுக்க அனுப்பியிருக்கும். இப்போதைய கண்டென்சர்களின் துவாரங்கள் மிக நுண்ணியவை. ஃப்ளஷ் செய்தாலும், அதாவது உள்ளே கழுவினாலும், துகள் முழுதாக வெளியேறாது. புது கம்ப்ரெஸரை மட்டும் மாட்டினால் மிச்சமிருக்கும் துகள் அதையும் தின்றுவிடும். ஆகவே கம்ப்ரெஸர் இறுகிய கார் என்றால் கண்டென்சர், ஈரத்தை உறிஞ்சும் ட்ரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு, குழாய்களை ஃப்ளஷ் செய்வது, ஆயில், வேக்குவம் (உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பது), கேஸ் எல்லாம் சேர்த்துத்தான் எஸ்டிமேட் கேட்க வேண்டும். இதில் எதையாவது விட்டுவிட்டுக் குறைவாகச் சொல்கிற எஸ்டிமேட்டை நம்பாதே. ஹைபிரிட், மின்சாரக் கார்களில் கம்ப்ரெஸர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுவது. விலை இன்னும் ஏறும். அவற்றுக்கு மின்சாரத்தைக் கடத்தாத தனி ஆயில் போட வேண்டும். சாதாரண கார்களுக்கான பிஏஜி ஆயில் கலந்தால் இன்சுலேஷன் கெட்டுவிடும்.

எல்லாப் பழுதும் பயமுறுத்துவதில்லை. ஒன்றை விளக்குகிறேன், பேரம் பேச உதவும். சில கார்களில் கிளம்பியதும் ஏசி ஜில்லென்று இருக்கும், அரை மணி ஓடிச் சூடேறியதும் வெறும் காற்று வரும், ஆறவிட்டால் மறுபடி குளிரும். கம்ப்ரெஸர் போச்சு என்று எழுதிக் கொடுப்பவர்கள் உண்டு. ஆனால் கம்ப்ரெஸர் முகப்பில், அதை ஓடவும் நிற்கவும் வைக்கும் மேக்னெட் கிளட்ச்சின் தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே உள்ள இடைவெளி, தேய்மானத்தால் கூடியிருக்கலாம். பொதுவாக அது 0.3 முதல் 0.6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கிளட்ச்சின் காந்தக் காயில் சூடாகும்போது காந்தத்தின் பிடி குறையும். இடைவெளியும் கூடியிருந்தால் தட்டை இழுக்க முடியாமல் போய்விடும். தட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் மெல்லிய ஷிம் வாஷர் ஒன்றை எடுத்தால் பல நேரம் சரியாகிவிடும். கேஸைத் திறக்கவே வேண்டாம். இந்த அறிகுறி தெரிந்தால் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து அளக்கச் சொல்.

அதேபோல, வண்டி ஓடும்போது குளிர்ந்து சிக்னலில் நின்றதும் சூடானால் முதல் சந்தேகம் கண்டென்சர் ஃபேன் மேல், அல்லது கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் அடைத்திருக்கும் தூசி மேல். காற்று வீசும் ப்ளோயர் கடைசி வேகத்தில் மட்டும் வேலை செய்தால், அதன் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர். காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றுபோனால் காயிலில் ஐஸ் கட்டுகிறது, பெரும்பாலும் காயிலின் குளிரை அளக்கும் சென்சார். உள்ளே மிதியடி ஈரமாக இருந்தால், ஏசித் தண்ணீர் வெளியேறும் ட்ரெயின் குழாய் அடைப்பு. டேஷ்போர்டுக்குள் டிக் டிக் என்று கேட்டால் சூடு-குளிர் கதவைத் திருப்பும் சிறு மோட்டார். அது மலிவான பாகம்தான், ஆனால் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் கூலி.

காரைப் பார்க்கப் போகும் முன்பே ஒரு நல்ல ஏசி மெக்கானிக்கிடம் மாடலும் வருடமும் சொல்லி மூன்று தொகை கேட்டு எழுதி வைத்துக்கொள்: கம்ப்ரெஸர் மொத்த வேலை, கூலிங் காயில் கூலியோடு, கண்டென்சர் ட்ரையரோடு.

காலையில் போகாதே, மழை நாளில் போகாதே. உச்சி வெயிலுக்குப் பிறகு, வெளியில் நின்று சூடேறிய காரைப் பார். எஞ்சினை முன்கூட்டி ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடு. எஞ்சின் அணைந்திருக்கும்போதே பெல்ட் கம்ப்ரெஸர் புல்லி மேல் ஓடுகிறதா, கம்ப்ரெஸர் ஒயர் சாக்கெட் மாட்டியிருக்கிறதா என்று கவனி. இறுகிய கம்ப்ரெஸரைத் தவிர்த்துச் சின்ன பெல்ட் மாட்டி விற்பதும் நடக்கிறது.

ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடு. மேக்னெட் கிளட்ச் உள்ள காரில் டக் என்று ஒரு சத்தம் வரும், எஞ்சின் வேகம் ஒரு கணம் இறங்கி ஏறும். கிளட்ச் இல்லாத புதுவகைக் கம்ப்ரெஸரில் அந்தச் சத்தம் இருக்காது, பயப்படாதே. ஏசி போட்டதும் மட்டும் கரகரப்பு கேட்டால் கம்ப்ரெஸரின் உள்ளே கோளாறாக இருக்கலாம். ஏசியை அணைத்தும் கேட்டால் புல்லி பேரிங்காகவோ பெல்ட் ஓடும் வேறு புல்லியாகவோ இருக்கலாம். ரீசர்க்குலேஷன் (உள்காற்றையே சுற்றவிடும் பட்டன்) போட்டு, கண்ணாடிகளை மூடி, எஞ்சின் 1500 ஆர்பிஎம் ஓட, நடு வென்ட்டில் ஊசி முனை டிஜிட்டல் தெர்மாமீட்டரைச் செருகு. வெளியே 35 டிகிரி என்றால் பத்து நிமிடத்தில் 6 முதல் 11 டிகிரிக்குள் வர வேண்டும். ஈரக்காற்று மிகுந்த ஊரானால் இரண்டு மூன்று டிகிரி கூடலாம். 15-க்குக் கீழே இறங்கவே இல்லை என்றால் கோளாறு நிச்சயம். பிறகு ஐடிலிங்கில் பதினைந்து நிமிடம் விட்டு, வென்ட் சூடாகிறதா என்பதோடு எஞ்சின் டெம்பரேச்சர் முள்ளையும் பார். எஞ்சின் சூடாவது தெரிந்துவிடும் என்று ஏசியைப் போடவிடாமல் பேச்சுக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கடைசியாக அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்காமல் இறங்காதே.

இவை எல்லாம் தேறினாலும், கேஸ் கொஞ்சம் குறைந்த காராகவோ, நேற்றுத்தான் கேஸ் ஏற்றிய காராகவோ இருக்கலாம். குறைவைப் பிடிக்க ஒரே வழி எடை; நேற்று ஏற்றியிருந்தால் எடை சரியாகவே இருக்கும், அதற்கு லீக் சோதனைதான் வழி. அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டி மட்டும் பார்த்தால் போதாது: நிற்கும் காரில் 30 டிகிரி சூட்டில் ஆர்-134ஏ என்ற வழக்கமான ஏசி கேஸின் அழுத்தம் 95 பிஎஸ்ஐ சுற்றித்தான் காட்டும், உள்ளே பாதி இருந்தாலும் முழுதாக இருந்தாலும் அதே எண். ஓடும்போது கம்ப்ரெஸருக்குள் போகும் லோ சைடு 30 முதல் 45, வெளியே வரும் ஹை சைடு 200 முதல் 250 இருந்தால் நல்லது. இரண்டும் குறைவு என்றால் கேஸ் குறைவு. லோ ஏறி ஹை இறங்கி இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் கம்ப்ரெஸர் பம்ப் செய்யவில்லை. ஹை மட்டும் எகிறினால் கண்டென்சருக்குக் காற்றுப் போதவில்லை, அல்லது கேஸ் அதிகம். இதற்குப் பிறகு, கேஸை வீணாக்காமல் உறிஞ்சி எடுக்கும் ரெக்கவரி மெஷினில் கேஸை எடுத்து எடை பார்க்கச் சொல். பானெட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 500 கிராம் என்று போட்டு, மெஷின் 280 எடுத்தால், 220 போன வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்க நைட்ரஜன் அழுத்தமும் சோப்பு நுரையும், அல்லது புற ஊதா விளக்கில் ஒளிரும் யுவி டையும் போதும். வேக்குவம் நின்றது, ஆகவே லீக் இல்லை என்று சொன்னால் ஏற்காதே. நுண்ணிய ஓட்டைகள் வேக்குவத்தில் தெரியாது.

அதே ஸ்டிக்கரில் எந்தக் கேஸ் என்றும் இருக்கும். ஐரோப்பாவில் 2017 முதல் புதிய கார்களில் 134ஏ போடக் கூடாது. ஆர்-1234ஒய்எஃப்தான் பரவலாக வருகிறது. அது விலையில் பல மடங்கு. அந்தச் செலவைக் குறைக்க 134ஏ-யையோ எல்பிஜி வகைக் கேஸையோ ஏற்றி வைத்திருந்தால் ரெக்கவரி மெஷின் வைத்திருப்பவர்கள் தொடவே மாட்டார்கள். லீக் அடைக்கும் சீலன்ட் ஊற்றிய காரும் அப்படித்தான், அது வால்வை அடைத்துச் செலவைப் பெருக்கும்.

விற்பவர் "நானே சரி செய்து தருகிறேன்" என்றால் ஒத்துக்கொள்ளாதே. அவர் மலிவாக ஒட்டுப் போடுவார். எழுத்தில் வாங்கிய எஸ்டிமேட்டைக் காட்டி, முழுத் தொகையையும் விலையில் கழிக்கச் சொல். வேலையை நீ நம்பும் இடத்தில் செய்துகொள். ஏற்கெனவே செய்துவிட்டதாகச் சொன்னால் பில் கேள். அதில் மாற்றிய பாகம், ஏற்றிய கேஸ் எத்தனை கிராம், ஆயில் எவ்வளவு என்று இருக்க வேண்டும். "ஏசி சர்வீஸ்" என்று ஒற்றை வரி மட்டும் இருக்கும் பில்லுக்கு மதிப்பில்லை. ஓட்டை எங்கே என்று தெரியாத காருக்கு, மூன்று தொகையில் பெரியதையே கழிக்கக் கேள். மறுத்தால் வேறு கார் பார், அவசரமில்லை.

சனிக்கிழமை போவதாகச் சொன்னாய். பானெட் ஸ்டிக்கர், கண்டென்சர் முகப்பு, கம்ப்ரெஸரின் அடிப்பக்கம் மூன்றையும் படம் எடுத்து அனுப்பு. வென்ட் டிகிரியையும் வெளிச் சூட்டையும் சேர்த்து எழுது. நான் பார்த்துச் சொன்ன பிறகு அட்வான்ஸ் கொடு.

அன்புடன்,
அப்பா