இடிக்கவும் இல்லை, எடுத்துக் கட்டவும் இல்லை: அண்ணா சாலை பாரத் பில்டிங்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அண்ணா சாலையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் கூடும் முனையில் பூட்டிக் கிடக்கும் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தைப் பற்றி இக்கடிதத்தை எழுதுகிறேன். கட்டட வேலை மேற்பார்வையாளராக ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இராயப்பேட்டையில் குடியிருப்பதால், வாரத்தில் மூன்று நாளாவது அந்த முனையைக் கடந்து நடக்கிறேன். ஒவ்வொரு முறையும் அண்ணாந்து பார்க்காமல் போக வேண்டும் என்று நினைப்பதும், பார்த்துவிட்டு மனம் நொந்து போவதும் வாடிக்கையாகிவிட்டது.

இளைய தலைமுறையினர் பலருக்கு அது வெறும் பாழடைந்த சிவப்புக் கட்டடம். சிலர் பேய் பங்களா என்றே சொல்கிறார்கள். 1897-இல் டபிள்யூ. ஈ. ஸ்மித் என்ற ஆங்கிலேய மருந்து வணிகரின் நிறுவனத்துக்காக ஜே. எச். ஸ்டீபன்ஸ் என்னும் கட்டடக் கலைஞர் வடிவமைத்துக் கட்டிய கார்டில் பில்டிங் அது. மினார்களும் வளைவுகளும் கொண்ட இந்தோ-சாரசெனிக் பாணியில், மருந்துக் கடை ஒன்றுக்கு அரண்மனையைப் போன்ற முகப்பு வைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்றால், அந்த நாளில் மவுண்ட் ரோடு என்று பெயர் பெற்றிருந்த அண்ணா சாலை எப்படிப்பட்ட கடைவீதியாக இருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். 1934-இல் பாரத் இன்சூரன்ஸ் கம்பெனி அதை வாங்கியதால் பெயர் மாறியது. 1956-இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானதைத் தொடர்ந்து அது எல்.ஐ.சி.யின் சொத்தாயிற்று. அதன்பிறகும் கீழே கடைகளும் மேலே அலுவலகங்களுமாகப் பல ஆண்டுகள் ஆள் நடமாட்டத்தோடுதான் இருந்தது.

குடியிருந்தவர்கள் வெளியேறிய பின், 2006-இல் இடிப்பு வேலை தொடங்கியபோது பாரம்பரியச் சின்னங்களின் பாதுகாப்புக்காகப் பாடுபடும் இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றத்தை நாடியது, இடிப்பு நின்றது. 2010-இல் வந்த தீர்ப்பு, இந்த ஒரு கட்டடத்தோடு நில்லாமல், நகரின் நூற்றுக்கணக்கான பாரம்பரியக் கட்டடங்களுக்கும் காப்பாக அமைந்தது, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வில் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புக் குழு அமையவும் வழி செய்தது. சென்னையின் பழைய கட்டடங்களைப் பற்றிப் பேசுகிற எவரும் இந்த வழக்கைச் சொல்லாமல் இருப்பதில்லை. எத்தனையோ கட்டடங்களைக் காப்பாற்றிக் கொடுத்த அந்தக் கட்டடம் மட்டும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாமல் நிற்கிறது. இடிக்கக் கூடாது என்ற உத்தரவை எல்லோரும் மதிக்கிறார்கள். பழுது பார்க்க வேண்டும் என்பதை நினைப்பார் இல்லை. மனிதர்கள் கை வைக்கவில்லை, மழை வைக்கிறது.

மழை எப்படி இடிக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். என் தொழில் அது. அந்தக் காலத்துச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுந்தவை. மேல்தளம் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்தரங்களைச் சுவரின் உள்ளே செருகி, அவற்றின்மேல் சிறு செங்கற்களைக் குத்துக்கல்லாக அடுக்கி, காரை கொட்டித் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கி, மேலே ஓடு பதிப்பார்கள். ஓடு விலகி ஒரு பருவமழை இறங்கினால், தண்ணீர் நேராக உத்தரத்தின் நுனிக்குத்தான் போகும். சுவருக்குள் மறைந்திருக்கும் அந்த நுனி காற்றுப் படாமல் உளுத்துப் போவதை வெளியிலிருந்து பார்க்க முடியாது. உத்தரம் விழுந்தால் தளம் மட்டும் போவதில்லை. எதிரெதிர்ச் சுவர்களைப் பிடித்து வைத்திருந்த பிடிப்பும் போய்விடுகிறது. அதன்பிறகு எவ்வளவு தடித்த சுவரானாலும் தனியே நிற்கும் மதில்தான்.

அடுத்தது அரசங்கன்று. காக்கை எச்சத்தில் வந்த விதை காரைப் பொருத்தில் ஒட்டிக்கொண்டு முளைக்கும்போது அதைப் பிடுங்க இரண்டு விரல் போதும். மூன்று ஆண்டு விட்டால் அரிவாள் வேண்டும். பத்து ஆண்டு விட்டால், வேர் சுவரைப் பிளக்கிறதா அல்லது தாங்கிப் பிடிக்கிறதா என்பதே தெரியாது. வெட்டினாலும் சுவர் சரியும். நடைபாதையிலிருந்தே கண்ணில் படும் செடிகொடிகள் இந்தப் பாடத்தைத்தான் நடத்திக்கொண்டிருக்கின்றன. கிளையை மட்டும் கழித்துவிட்டுப் படம் எடுத்துக்கொள்வதில் பயனில்லை. வேரை மருந்து வைத்துப் பட்டுப்போகச் செய்து, குழியைச் சுண்ணாம்புக் காரையால் அடைக்க வேண்டும். சிமென்ட் வைத்துப் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டுச் செங்கல் பொரிந்து உதிரும். இதற்கு நிபுணர் குழு வேண்டியதில்லை. வயதான கொத்தனார் ஒருவரைக் கேட்டாலே சொல்லிவிடுவார்.

அந்தக் கட்டடம் அப்படியே கிடந்த ஆண்டுகளில் அதே சாலைக்கு அடியில் சுரங்கம் தோண்டினார்கள். மெட்ரோ வேலைக்காகப் போக்குவரத்தை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைப் பக்கம் திருப்பிவிட்டு, கார் உதிரிப்பாகக் கடைக்காரர்கள் புழுதியில் காலம் தள்ளியதெல்லாம் எங்களுக்கு நினைவிருக்கிறது. 2019 பிப்ரவரியில் எல்.ஐ.சி., அரசினர் தோட்டம் நிலையங்களில் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. நகரின் வேலைகளிலேயே கடினமானது என்று சொல்லத்தக்க அதை முடித்த ஊரால், ஒரு கட்டடத்துக்குத் தற்காலிகக் கூரை போட முடியவில்லை என்றால் நம்புவது எப்படி?

உரிமையாளர் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. அதை மறைப்பது சரியன்று. எல்.ஐ.சி.யின் பணம் பாலிசிதாரர்களின் பணம். மாதச் சம்பளத்தில் பிரீமியம் பிடித்தம் செய்து கொடுத்தவர்களில் நானும் ஒருவன். வருமானம் தராத பழைய கட்டடத்துக்குக் கோடிக்கணக்கில் செலவு செய்வது எளிதான முடிவு அன்று. ஆனால் மவுண்ட் ரோட்டின் மையத்தில் உள்ள மனையைப் பூட்டி வைத்து, வாடகை ஒரு ரூபாயும் இல்லாமல், சொத்தின் மதிப்பைச் செங்கல் செங்கல்லாக உதிர விடுவது எந்தக் கணக்கில் லாபம்? அதே சாலையில் 1904-ஆம் ஆண்டுக் கட்டடத்தில் ஹிக்கின்பாதம்ஸ் இன்றும் புத்தகம் விற்கிறது. சேப்பாக்கத்தில் 2012-இல் தீப்பிடித்துக் கூரை இழந்த, பழைய நவாப் அரண்மனையின் பகுதியான கலச மகாலைப் பொதுப்பணித் துறை மீட்டெடுத்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இன்று அங்கே நடக்கிறது. பக்கத்தில் அதைவிட மோசமாக இடிந்து கிடந்த ஹுமாயூன் மகாலும் எழுந்து நிற்கிறது. ஆள் இருக்கிறார்கள், கைப்பழக்கமும் இருக்கிறது. பாரம்பரியக் கட்டடத்தைக் காப்பவருக்கு அதன்மேல் கட்ட முடியாமற்போன பரப்பை வேறிடத்தில் கட்டிக்கொள்ளவோ விற்கவோ உரிமை தரும் முறை மும்பையில் நெடுநாளாக உண்டு. இழப்பை ஈடுகட்ட அப்படி ஒரு வழியையும் பேசலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் இதையெல்லாம் எழுதி அலுவலகம் ஒன்றுக்கு மனு அனுப்பினேன். மனு உரிய நடவடிக்கைக்காக வேறோர் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டிருப்பதாக ஒற்றை வரியில் பதில் வந்தது. அந்த வேறோர் அலுவலகம், தங்கள் வரம்புக்குள் இது வரவில்லை என்று எழுதியது. இரண்டு கடிதங்களையும் ஒரே குண்டூசியில் குத்தி வைத்திருக்கிறேன். பாரம்பரிய ஆணையத்துக்கென்று 2012-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டமே நடைமுறைக்கு வரப் பல ஆண்டுகள் பிடித்தபோது, என் மனு எம்மாத்திரம்!

தங்கள் நாளிதழ் வழியாக நான் கேட்பது மிகவும் குறைவு. முழுப் புதுப்பிப்புக்கான திட்டம், மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி ஆகியவற்றுக்கெல்லாம் காலம் ஆகும். ஆகட்டும், ஆனால் எந்த மாதத்தில் எது முடியும் என்ற கால அட்டவணையை உரிமையாளரும் சி.எம்.டி.ஏ.வும் சேர்ந்து வெளியிட வேண்டும். கட்டடத்தின் உறுதி பற்றிய ஆய்வறிக்கைகள் எவையேனும் இருப்பின், அவற்றைப் பொதுமக்கள் படிக்கத் தர வேண்டும். அதற்கு முன், ஐப்பசி மழை இறங்குவதற்குள், சரியக்கூடிய சுவர்களுக்கு முட்டுக் கொடுத்து, திறந்து கிடக்கும் தளங்களின்மேல் இரும்புச் சட்டம் நிறுத்தித் தகரம் வேய்ந்து, முகப்பில் வேர் பிடித்திருக்கும் கன்றுகளை முறையாக அகற்ற வேண்டும். என் அனுபவத்தில், நல்ல குழு ஒன்றுக்கு இது சில வாரத்து வேலை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கட்டட மேற்பார்வையாளர் ஒருவர்,
இராயப்பேட்டை, சென்னை.